தொழில்நுட்ப மாற்றமும் மும்பைத் தமிழர் இல்லங்களும்

ஒரு புதிய கருவி நாட்டில் எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பதை அறிய, எத்தனை இல்லங்களில் அது உள்ளது என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வானொலி, தொலைக்காட்சி, கணினி, தொலைபேசி ஆகியவற்றை இவ்வாறே இல்லவாரியாகக் கணக்கிட்டது. திட்டமிடுதலுக்கு இக்கணக்கு இன்றியமையாதது. ஆயினும் அது வீட்டு வாயிலோடு நின்றுவிடுகிறது. வாயிலுக்குள் அக்கருவி யாருடைய கையில் இருக்கிறது, எந்த நேரத்தில் யாருக்குக் கிடைக்கிறது, அது வந்தபின் யாருடைய உழைப்பு குறைந்தது, யாருடைய சொல்லுக்கு மதிப்புக் கூடியது என்பவை கணக்கில் வருவதில்லை. கல்விக்கும் குடும்ப நலத்திற்கும் தொழில்நுட்பத்தால் விளையும் பயனைத் தீர்மானிப்பவை இவ்வினாக்களே.

இவற்றை ஆராய்வதற்கு மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைகின்றன. பிழைப்பு ஓர் ஊரிலும் உறவு வேறோர் ஊரிலும் உள்ளவர்கள் அவர்கள். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் புழங்குகின்றன. ஆகவே தகவல் தொடர்பில் ஏற்படும் எந்த மாறுதலும் மற்ற குடும்பங்களைக் காட்டிலும் இவர்களை விரைவாகவும் ஆழமாகவும் பாதிக்கிறது.

மூன்று பகுதிகள், மூன்று பிழைப்புகள்

1995ஆம் ஆண்டு வரை பம்பாய் என்று வழங்கிய இந்நகருக்குத் தமிழர் ஒரே காலத்தில் வந்தவர்களும் அல்லர். ஒரே தொழிலுக்கு வந்தவர்களும் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாராவியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து உழைப்பாளர்கள் அங்கே வந்து குடியேறினர். 1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின்னர் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாதுங்கா பகுதிகளில் திட்டமிட்ட குடியிருப்புகளை உருவாக்கியது. ஆங்கிலக் கல்வியும் தட்டெழுத்துப் பயிற்சியும் பெற்று அலுவலகப் பணிக்கு வந்த தென்னாட்டவர் மாதுங்காவைத் தம் இருப்பிடமாகக் கொண்டனர். விடுதலைக்குப் பின், 1954, 1955ஆம் ஆண்டுகளில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும், 1960களில் உரத் தொழிற்சாலையும் தொடர்ந்தன. இவற்றை அடுத்திருந்த செம்பூர், தொழில்நுட்பப் பணியாளர்களும் நடுத்தர வருவாயினரும் வாழும் பகுதியாயிற்று.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மும்பையின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம். இவர்களில் ஐவரில் இருவருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். தாராவி, 2 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய பரப்பில், பல லட்சம் மக்களைத் தாங்கி நிற்கிறது. ஆகவே ஒரே தொழில்நுட்பம் மாதுங்காவின் அடுக்ககத்திற்குள் நுழையும்போது ஒரு விளைவையும், தாராவியின் ஒற்றை அறைக்குள் நுழையும்போது வேறொரு விளைவையும் உண்டாக்குவதில் வியப்பில்லை.

கடிதத்திலிருந்து கைப்பேசி வரை

நெடுங்காலம் ஊருக்கும் பம்பாய்க்கும் இடையே பாலமாக இருந்தது அஞ்சல்துறையே. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தபின் தாராவிக்கு 400017, மாதுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071 என்ற எண்கள் ஊர்க் கடிதங்களில் இடம்பெறலாயின. எழுதத் தெரியாதவருக்குப் பிறர் எழுதிக் கொடுத்தனர். பம்பாய்த் தலைமை அஞ்சலகத்திற்கு எதிரே கடிதம் எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அமர்ந்திருந்தனர். தாராவியில் அப்பணியைப் பெரும்பாலும் படித்த பிள்ளைகள் செய்தனர். ஊரில் கடிதத்தைப் படித்துக் காட்டியவர் தபால்காரரோ ஆசிரியரோ ஆவார். இவ்வாறு குடும்பத்தின் செய்தி ஒவ்வொன்றும் இடையில் ஒருவரைக் கடந்தே சென்றது. சொல்ல நினைத்ததில் பாதி சொல்லப்படாமலே நின்றது என்பது இம்முறையின் குறை. எழுத்தறிவு பெற்ற பிள்ளைக்கு வீட்டில் ஒரு மதிப்பும், தமிழ் எழுத்துக்கு ஒரு நாள்தோறுமான பயனும் இருந்தன என்பது அதன் நிறை.

தொலைபேசி நெடுங்காலம் வசதி படைத்தோரின் உடைமையாகவே இருந்தது. இணைப்புக் கோரி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒரு வீட்டின் தொலைபேசி அக்கட்டடம் முழுவதற்கும் பயன்பட்டது. அண்டை வீட்டு எண்ணையே தம் எண்ணாகக் கொடுப்பது இயல்பாக இருந்தது. 1984ஆம் ஆண்டில் தொலைத்தொடர்பு தொழில்நுட்ப வளர்ச்சி மையம் நிறுவப்பட்டது. 1986ஆம் ஆண்டு ஏப்ரலில் தில்லி, பம்பாய் நகரங்களின் தொலைபேசிப் பணி மகாநகர் டெலிபோன் நிகம் என்ற தனி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இதே பத்தாண்டில் எஸ்.டி.டி. சாவடிகள் தெருவுக்குத் தெரு தோன்றின. இரவு முதிர்ந்தபின் கட்டணம் குறையும் என்பதால், அந்நேரத்தில் சாவடிகளின் முன் வரிசை நீண்டது. கட்டணம் காட்டும் கருவியில் எண்கள் ஓட ஓட, பேச்சு சுருங்கியது. பிறப்பும் இறப்பும் திருமணமும் பேசப்பட்டன. மனக்குறைகள் கடிதத்திற்கு ஒதுக்கப்பட்டன.

1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று கல்கத்தாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது. அதே ஆண்டில் பம்பாயிலும் அது வந்தது. 2003ஆம் ஆண்டில் வரும் அழைப்புகளுக்கான கட்டணம் நீங்கியபின்பே கைப்பேசி உழைப்பாளர் கைக்கு எட்டியது. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இணையத் தரவின் விலை பெரிதும் சரிந்தது. இன்று தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு முகம் பார்த்துப் பேசுவதற்குத் தனிச் செலவு ஏறக்குறைய இல்லை. 2013ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த குடும்பங்கள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன.

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கைக் காணலாம். முதலில் கருவி தெருவுக்குப் பொதுவாக இருந்தது, பின்னர் வீட்டுக்குரியதாயிற்று, இறுதியில் தனிமனிதர் ஒருவரின் கைக்குரியதாயிற்று. ஒவ்வொரு படியிலும் செலவு குறைந்தது, இடையில் நின்றவர் விலகினார், அந்தரங்கம் கூடியது. ஆனால் பொதுக் கருவி எல்லோருக்கும் வரிசைப்படி கிடைத்தது போலத் தனிக் கருவி கிடைப்பதில்லை. அது யாருடையதோ அவருக்கே முதலில் பயன்படுகிறது.

பணம் சென்ற வழி

இவ்வுண்மையைப் பணம் அனுப்பும் முறையில் தெளிவாகக் காணலாம். 1880ஆம் ஆண்டு முதல் அஞ்சலகங்கள் வழியே நடைபெற்ற மணியார்டர், இடம்பெயர்ந்த உழைப்பாளியின் வங்கியாக விளங்கியது. அதன் பிற்காலத்தில் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கட்டணம். சென்று சேரச் சில நாட்கள். படிவத்தின் அடிச்சீட்டில் இரண்டு வரிச் செய்தி எழுத இடம் இருந்தது. யார் பெயருக்கு அனுப்பப்பட்டதோ அவரிடமே கையொப்பமோ கைநாட்டோ பெற்றுத் தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஊரில் இருந்த தாய்க்கோ மனைவிக்கோ அத்தொகை நேரடியாகக் கைக்கு வந்தது.

2014ஆம் ஆண்டில் தொடங்கிய ஜன் தன் திட்டம் ஏழை மக்களுக்கு வங்கிக் கணக்கைக் கொண்டு சென்றது. 2016ஆம் ஆண்டில் அறிமுகமான யு.பி.ஐ. முறையில் பணம் நொடிகளில் சென்று சேர்கிறது. ஒருவர் மற்றொருவருக்கு அனுப்ப வங்கிகள் கட்டணம் பெறுவதில்லை. நூற்றுக்கு ஐந்து என்ற செலவு மீதப்படுவது உழைக்கும் குடும்பத்திற்குச் சிறிய ஆதாயம் அன்று. எனினும் கணக்கு மனைவியின் பெயரிலும், அதை இயக்கும் கைப்பேசி மகனிடமும், மறையெண் மருமகனுக்குத் தெரிந்தும் இருக்குமானால், பணம் அப்பெண்ணின் கைக்கு வந்ததாகக் கொள்ள இயலாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காட்டினர். முந்தைய ஆய்வில் இது 45.9 விழுக்காடாக இருந்தது. இணையத்தை என்றேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காட்டினர்; ஆண்களோ 57.1 விழுக்காட்டினர். விரைவும் சிக்கனமும் கூடியுள்ள இம்முறையில், தபால்காரர் தம்மை அறியாமலே அளித்துவந்த ஒரு பாதுகாப்பு விடுபட்டுப் போனது. அதை வேறு வழியில் ஈடுசெய்தாக வேண்டும்.

அடுக்களையில் மின்சாரம்

இல்லத்தின் தொழில்நுட்பம் என்றால் தகவல் தொடர்புக் கருவிகளை மட்டும் எண்ணுவது முழுமையாகாது. தமிழ் இல்லத்தில் பெண்களின் காலைப் பொழுதை விழுங்கியவை ஆட்டுக்கல்லும் அம்மியும் விறகடுப்புமே. 1950களின் நடுப்பகுதியில் சமையல் எரிவாயு முதன்முதலாக விற்பனைக்கு வந்த இந்திய நகரம் பம்பாய். 1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். வெளிநாட்டு அரைவைக் கருவிகள் உளுந்தையும் மஞ்சளையும் கொப்பரையையும் தாங்காதிருந்த நிலையில், பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர் 1963ஆம் ஆண்டில் பம்பாயில் சுமீத் மிக்சியை உருவாக்கினார். வெளிநாட்டுக் கருவியை அப்படியே ஏற்காமல், உள்நாட்டு அடுக்களையின் தேவைக்கு ஏற்பப் பொறியை மாற்றியமைத்ததால் விளைந்த வெற்றி இது.

மாதுங்காவிலும் செம்பூரிலும் இக்கருவிகளால் மீந்த நேரம், பெண்கள் வெளியே பணிக்குச் செல்ல ஓரளவு துணை செய்தது. தாராவியில் அதே கருவி பிழைப்பாயிற்று. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் இரவில் மாவரைத்து, விடியலுக்கு முன் இட்லி அவித்து, மிதிவண்டிகளிலும் தலைச்சுமையாகவும் நகரெங்கும் விற்பனைக்கு அனுப்புகின்றன. கிரைண்டர் கைவலியைக் குறைத்தது. ஆனால் ஒரு படி அரைத்த இடத்தில் பல படி அரைக்க இயன்றதால், வேலை நேரம் குறையாமல் உற்பத்தியே பெருகியது. வருவாய் உயர்ந்தது உண்மை. அதே அறையில் படிக்க முயன்ற பிள்ளையின் உறக்கமும் அமைதியும் குறைந்ததும் உண்மை. உழைப்பைச் சேமிக்கும் கருவி ஓய்வைத் தானாகவே தந்துவிடாது. மிச்சமாகும் நேரம் எதற்குச் செல்லும் என்பதைக் குடும்பத்தின் வறுமையும் வேலைப் பங்கீடுமே முடிவு செய்கின்றன.

2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, அடுக்களைக் கருவி சமூகநலத் திட்டத்தின் பொருளாயிற்று. ஆனால் அத்திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையைச் சார்ந்தது. ஊரில் அட்டையை வைத்திராத மும்பைக் குடும்பத்திற்கு அது எட்டவில்லை. இடம்பெயர்ந்தோர் இரு மாநிலங்களின் திட்டங்களுக்கும் இடையில் விடுபட்டுப்போகும் நிலைக்கு இது ஒரு சான்று.

தொலைக்காட்சியும் தாய்மொழியும்

தில்லியை அடுத்து இந்நாட்டில் தொலைக்காட்சி நிலையம் பெற்ற இரண்டாவது நகரம் பம்பாய். 1972ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. சென்னை நிலையம் 1975ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பெற்றது. பம்பாய்த் தமிழர் தமிழ்நாட்டில் வாழ்ந்த தமிழர்களுக்கு முன்பே தொலைக்காட்சியைக் கண்டனர். ஆனால் அதில் தமிழைக் காணவில்லை. தமிழ்த் திரைப்படம் காண மாதுங்காவின் அரோரா திரையரங்கை நாட வேண்டியிருந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரலில் செயற்கைக்கோள் வழியே தனியார் தமிழ் ஒளிபரப்பு தொடங்கியபின் இந்நிலை மாறியது. வீட்டுக்குள் நாள் முழுவதும் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது.

இதன் விளைவு இருவகைப்பட்டது. பேச்சுத் தமிழ் வலுப்பெற்றது. மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளும் ஊர்ப் பேச்சைப் புரிந்துகொள்கின்றனர். ஆனால் காதால் கேட்கும் தமிழ் பெருகிய அதே காலத்தில், கண்ணால் படிக்கும் தமிழ் குறைந்தது. கடிதம் மறைந்தபின் எழுத்துக்கு இருந்த அன்றாடப் பயனும் மறைந்தது. முகம் பார்த்துப் பேசவும் குரலைப் பதிந்து அனுப்பவும் இயலும்போது, பாட்டிக்கு எழுதவேண்டிய கட்டாயம் பேரனுக்கு இல்லை. எழுத நேரும்போதும் தமிழை ஆங்கில எழுத்துகளிலேயே எழுதிவிடுகின்றனர்.

கல்வியில் நேர்ந்த மாற்றங்கள்

மாதுங்காவின் முதல் தலைமுறைக்கு வேலை தந்த தொழில்நுட்பம் தட்டெழுத்துப் பொறியே. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்றவர்கள், அச்சான்றிதழை நம்பிப் பம்பாய்க்கு ரயிலேறினர். 1955ஆம் ஆண்டு முதல் கோத்ரெஜ் நிறுவனம் இந்நகரிலேயே தட்டெழுத்துப் பொறிகளைத் தயாரித்தது. கணினி பரவியபின் அப்பொறியும் மறைந்தது. அது தந்த வேலையும் மறைந்தது. அக்குடும்பங்கள் வீழ்ச்சியுறாமல் இருந்ததற்குக் காரணம், பெற்றோர் தம் வருவாயைப் பிள்ளைகளின் பொதுக்கல்வியில் முதலீடு செய்தமையே. 1932ஆம் ஆண்டில் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரிகளாக வளர்ந்தது. ஒரு கருவியை இயக்கும் திறன் ஒரு தலைமுறைக்கே உதவும். கற்கும் திறனே அடுத்த தலைமுறைக்கும் உதவும் என்பது இவ்வரலாற்றின் படிப்பினை.

தாராவியின் நிலை வேறு. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. இத்தகைய ஏற்பாடு உள்ள மாநகராட்சிகள் நாட்டில் அரியன. எனினும் தமிழ்வழிப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்து வந்துள்ளது. மேல்வகுப்புகளுக்கு வாய்ப்புக் குறைவு, ஆங்கிலத்தின் மீதுள்ள நாட்டம் ஆகியவை இதற்குக் காரணங்கள். மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடமாயிற்று. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது பிள்ளைகளுக்கு நன்மையே. ஆனால் வீட்டு மொழி, பாடமொழி, மாநில மொழி ஆகிய மூன்றும் வேறுபடும்போது, வீட்டில் பாடம் சொல்லித்தரப் பெற்றோரால் இயலுவதில்லை. அவ்விடைவெளியைத் தனிப்பயிற்சி வகுப்போ கைப்பேசியோ நிரப்புகிறது.

அரசின் முயற்சிகள் குறைவல்ல. 1984-85ஆம் ஆண்டில் 250 பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியது. 2004ஆம் ஆண்டில் கல்விக்கெனவே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2015ஆம் ஆண்டில் மும்பை மாநகராட்சி தன் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கைக்கணினிகளை வழங்கியது. 2017ஆம் ஆண்டில் தீக்ஷா என்னும் இணையத்தளம் உருவாயிற்று.

2020ஆம் ஆண்டு நடத்திய தேர்வு

இம்முயற்சிகள் அனைத்தையும் கொரோனா பெருந்தொற்று ஒருசேரத் தேர்வு வைத்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்ட மும்பைப் பள்ளிகளில், எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்றே மீண்டும் தொடங்கின. கீழ்வகுப்புகள் அந்த ஆண்டின் டிசம்பர் வரை காத்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் வகுப்பறை கைப்பேசிக்குள் சுருங்கியது.

2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, இந்திய இல்லங்களில் கணினி உள்ளவை 10.7 விழுக்காடு, இணைய வசதி உள்ளவை 23.8 விழுக்காடு. நகர்ப்புறங்களில் இவை முறையே 23.4, 42 விழுக்காடுகளாக இருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் குடும்பங்கள் கடன்பட்டும் கைப்பேசி வாங்கின. ஊரகப் பள்ளி மாணவர்களின் இல்லங்களில் திறன்பேசி இருந்தவை 2018இல் 36.5 விழுக்காடாக இருந்து 2021இல் 67.6 விழுக்காடாக உயர்ந்ததாக அசர் ஆய்வு கூறுகிறது. கருவி இவ்வாறு வேகமாகப் பரவியும் கற்றல் இழப்பு நேர்ந்தது. இதன் காரணத்தை இல்லத்திற்குள்தான் தேட வேண்டும்.

பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவர் வாழ்கின்றனர் என்றும், ஒரே திறன்பேசி உள்ளது என்றும் கொள்வோம். அது தந்தையின் பெயரில் உள்ளது. தொழில் மீண்டும் தொடங்கியதும், வேலைக்கு அழைப்பு வரும் எண் அதுவே என்பதால் காலையில் அதை அவர் எடுத்துச் செல்கிறார். வகுப்பு நடப்பதும் காலையில்தான். மாலையில் அது வீடு திரும்பும்போது, ஊரிலிருந்து அழைப்பு வருகிறது. மூத்தவனுக்குப் பாடம், இளையவளுக்கு வீட்டுப்பாடம். யாருக்கு முதலிடம் என்ற கேள்வி எழும்போது, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் மகன் முந்திக்கொள்கிறான். ஐந்தாம் வகுப்பு மகள் காத்திருக்கிறாள். கணக்கெடுப்பில் இது திறன்பேசி உள்ள இல்லம். அச்சிறுமியைப் பொறுத்தவரை அது திறன்பேசி இல்லாத இல்லமே. ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவருக்குக் கிடைக்காத பொருளைப் பங்கிடுவதில், குடும்பத்தின் ஏற்றத்தாழ்வுகள் அனைத்தும் வெளிப்படுகின்றன. மாதுங்காவிலும் செம்பூரிலும் ஆளுக்கொரு கருவியும் கதவடைத்துக்கொள்ள ஓர் அறையும் இருந்த இல்லங்களில் இப்போட்டி எழவில்லை. அங்கே எழுந்த சிக்கல் வேறு: ஒரே வீட்டில் ஒவ்வொருவரும் தத்தம் திரையோடு ஒதுங்கியதால், தொலைவிலுள்ள உறவோடு பேச்சு மிகுந்து, கூடத்தில் பேச்சுக் குறைந்தது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, கருவிகளை இல்லவாரியாகக் கணக்கிடுவதோடு ஆள்வாரியாகவும் கணக்கிட வேண்டும். குடும்பநல ஆய்வு பெண்களின் கைப்பேசி உடைமையைத் தனியே கேட்டதனால்தான் மேற்கண்ட இடைவெளி தெரியவந்தது. பள்ளிச் சிறாருக்கும் அவ்வாறே கேட்கப்பட வேண்டும்: இல்லத்தில் கருவி உண்டா என்று மட்டும் அல்லாமல், வகுப்பு நேரத்தில் அது குழந்தையின் கையில் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, படிக்கும் இடமும் கல்விக் கருவியே என்பதை ஏற்க வேண்டும். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு முதலில் 225 சதுர அடியும், பின்னர் 269 சதுர அடியும், அதன்பின் 300 சதுர அடியும் வரையறுக்கப்பட்டன. இப்பரப்பில் தனிப் படிப்பறைக்கு இடமில்லை. ஆனால் இக்கட்டடங்களில் பாலவாடிக்கும் நலவாழ்வு மையத்திற்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. மாலை நேரத்தில் அவ்விடங்களை மின்விளக்கும் இணைய இணைப்பும் ஒரு மேற்பார்வையாளரும் கொண்ட படிப்பகங்களாக்கினால், புதிய கட்டடச் செலவு இல்லாமலே குறை தீரும். தாராவியின் மறுசீரமைப்பில் இதனைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது எளிது. பின்னர் சேர்ப்பது கடினம்.

மூன்றாவதாக, பணம் பெறும் பெண்ணே தன் கணக்கை இயக்கப் பழக வேண்டும். மறையெண்ணைப் பிறருக்குச் சொல்லாதிருத்தல், வந்த தொகையைத் தானே சரிபார்த்தல், ஏமாற்று அழைப்புகளை அடையாளம் காணுதல் ஆகியவை இன்றைய எழுத்தறிவின் பகுதிகள். மகளிர் தன்னுதவிக் குழுக்களும் அஞ்சல் ஊழியர்களும் இப்பயிற்சியை அளிக்கலாம்.

நான்காவதாக, தாய்மொழி எழுத்தைப் பேணுவதற்கு இதே தொழில்நுட்பம் துணையாக உள்ளது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ் விசைப்பலகை ஒன்று தரப்படுத்தப்பட்டது. 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் அது, தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்வோர்க்கான பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. பாட்டிக்கு அனுப்பும் செய்தியில் நாளொன்றுக்கு ஒரு வரியேனும் தமிழ் எழுத்தில் இருக்குமாறு பெற்றோர் பழக்கினால், இழந்த பயனை எழுத்து மீண்டும் பெறும்.

கடிதத்தில் இருந்த இடைத்தரகரையும், சாவடியில் இருந்த வரிசையையும், மணியார்டரில் இருந்த காலதாமதத்தையும் தொழில்நுட்பம் நீக்கிவிட்டது. இவை உண்மையான வெற்றிகள். ஒற்றை அறையில் யாருக்கு முதலிடம் என்ற வினாவை அது நீக்கவில்லை, நீக்கவும் இயலாது. அவ்வினாவுக்கு நேர்மையான விடை காண்பது குடும்பத்தின் கடமை. அந்த விடை காண இடமும் வாய்ப்பும் அளிப்பது அரசின், உள்ளாட்சியின், கல்வி நிறுவனங்களின் கடமை. ஒரு கருவி இல்லத்திற்குள் நுழைந்த நாளை வளர்ச்சியின் தொடக்கமாகக் கருதலாம். அவ்வில்லத்தின் கடைசிக் குழந்தைக்கும் அது கிடைத்த நாளே வளர்ச்சி நிறைவு பெற்ற நாளாகும்.